பழைய இரும்பின் பாராட்டு

கர்ட் ஹாகென் நேற்று மிஞ்சிய, உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, அது சூடாவதற்குள் நாலு பேரைத் திட்டிவிட்டு வரலாம் என்று கணினியைத் திறந்தார். அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டாவில், ஜனவரி மாத முற்பகல். ஜன்னலுக்கு வெளியே பனி தரைக்கு வர மனமில்லாமல் காற்றில் அலைந்துகொண்டிருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு இரண்டே காரியங்கள்தான். கொட்டகையில் உட்கார்ந்து வெல்டிங் அடிப்பது ஒன்று. மற்றவர்கள் அடித்த வெல்டிங்கைப் பார்த்து வயிறெரிவது இன்னொன்று.

'வீட்டு வெல்டர்கள் கூடம்' என்ற அந்த இணையக் குழுவில் யாரும் அதைத் தொழிலாகச் செய்து சாப்பிடுகிறவர்கள் இல்லை. பல் வைத்தியர், பால்பண்ணைக்காரரின் மனைவி, நூலகத்தில் வேலை பார்த்தவர் என்று எல்லாம் விடுமுறை நாளில் முகமூடி மாட்டிக்கொள்கிற கூட்டம். பிழைப்புக்குச் செய்கிறவனுக்குத் தோல் தடித்துப் போயிருக்கும். ஆசைக்குச் செய்கிறவனைத் தொட்டாலே நோகும். இது தெரிந்துதான் குழுவை நடத்தும் மார்லிஸ் ஒரு விதி வைத்திருந்தாள். எதைக் குறை சொல்வதானாலும் முதலில் ஒரு நல்ல வார்த்தை. ஒட்டு பாம்பாக நெளிந்து போயிருந்தாலும் "பெயிண்ட் பிரமாதம், ஆனா..." என்றுதான் தொடங்க வேண்டும். 'பழைய இரும்பு' என்ற பெயரில் எழுதிய கர்ட்டுக்கு அந்த ஒரு நல்ல வார்த்தை மட்டும் விரலில் ஏறியதே கிடையாது. "இது வெல்டிங்கா, காக்கா எச்சமா?" என்பார். நாற்காலியோ, ஊஞ்சலோ, வண்டிக் கொக்கியோ, எதன் படத்தைப் போட்டாலும் அடியில் வந்து "இது உன்னக் கொன்னுடும்" என்று எழுதிவிட்டுப் போவார். புலி வருது, புலி வருது என்று அவர் கத்திக் கத்தி, கடைசியில் புலி என்றாலே எல்லோரும் சிரிக்கும்படி ஆகிவிட்டது.

ஆனால் அந்த வாய் சும்மா நீளவில்லை. பேருந்துப் பட்டறையில் ஆர்லோ என்று ஒரு மெக்கானிக் இருந்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரும்பை, பிரேக் கழுவுகிற ஸ்பிரேயை அடித்துத் துடைத்தார். அது காய்வதற்குள் வெல்டிங் வைத்தார். அந்த ஸ்பிரே சிலவற்றில் குளோரின் கலந்த திரவம் இருக்கும். வெல்டிங் வெளிச்சம் பட்டால் அது வேறொன்றாக மாறிவிடும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குள் விட்ட அதே வாயு. கண்ணுக்குத் தெரியாது. வாசனை மட்டும் புதிதாக அறுத்த புல் மாதிரி, கொஞ்சம் சுகமாகக்கூட இருக்கும். ஆர்லோ சீட்டியடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். நன்றாகச் சாப்பிட்டார், மனைவியோடு சீட்டு விளையாடினார். மறுநாள் அவருடைய நுரையீரல் தண்ணீரில் மூழ்கிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். தரையில், கட்டிலில், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆள் முழுகிச் செத்துப்போனார்.

அன்று காலை கூடத்தில் 'ஏரிக்காரன்' ஒரு படம் போட்டிருந்தார். இந்த ஏரிக்காரனுக்கும் கர்ட்டுக்கும் இலையுதிர் காலத்திலேயே ஒரு சண்டை. வாசலில் நடுவதற்கு மீன் வடிவத்தில் ஒரு தபால்பெட்டி செய்து படம் போட்டிருந்தார் மனிதர். "முதல் காத்துக்கே இந்த மீன் செத்துடும்" என்று கர்ட் எழுதினார். ஏரிக்காரன் பதிலுக்கு, "உங்க கருத்துக்கு நன்றிங்க" என்று ஒரே வரி எழுதிவிட்டு, கர்ட் எழுதுவது எதுவும் இனித் தன் கண்ணில் படாதபடி மறைக்கும் பொத்தானை அழுத்திவிட்டார். மினசோட்டாக்காரர்களின் கோபம் அப்படித்தான், நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும்.

இன்றைய படம், உறைந்த ஏரிமேல் உட்கார்ந்து மீன் பிடிப்பதற்கான சிறு குடில். கீழே இரண்டு சறுக்குச் சட்டங்கள். "பழைய பண்ணை இரும்புதான். நேத்து சாயங்காலம் கொட்டகைக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து முடிச்சேன். குளிருக்கு அடக்கமா இருந்துச்சு. ஒரு வேடிக்கை கேளுங்க, ஜனவரியில கொட்டகை பூரா புல்லறுத்த வாசனை! காலைல லேசா இருமல், தூசிதான். மத்தியானம் நானே ஏரிக்கு இழுத்துட்டுப் போறேன்."

அதன் கீழே ஒரே பாராட்டு மழை. "கோடைகாலம் உங்க கொட்டகைக்குத்தான் முதல்ல வந்திருக்கு!" என்றாள் பால்பண்ணைக்காரரின் மனைவி. "அந்த வாசனைய புட்டியில அடைச்சு எனக்கும் அனுப்புங்க" என்றார் பல் வைத்தியர். கர்ட் படத்தைப் பெரிதாக்கினார். மூலையில், துணிக் கந்தலுக்குப் பக்கத்தில், சிவப்புக் குழல் சொருகிய ஸ்பிரே டப்பா நின்றது. ஆர்லோ அடித்த அதே ரக டப்பா.

"முட்டாளே, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ, நீ செத்துக்கிட்டிருக்க" என்று அடித்தார். விரல் பழகிய பழக்கம், முதல் சொல் முட்டாளே என்றுதான் விழுந்தது. ஏரிக்காரன் அப்போது அங்கேதான் இருந்தார். மேலே எழுதியவருக்கு நன்றி சொன்னார், கீழே எழுதியவருக்கு நன்றி சொன்னார், நடுவில் கிடந்த கர்ட்டின் வரியைத் தாண்டித் தாண்டிப் போனார். கர்ட் மறுபடியும் எழுதினார், பெரிய எழுத்தில் எழுதினார். அந்த மனிதரின் காதுக்குப் பக்கத்தில் நின்று கத்துவது போலவும், தனக்கு வாயும் இல்லை உடம்பும் இல்லை என்பது போலவும் இருந்தது. உயிரோடு இருக்கும்போதே பேயானால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"பெரிசு, இன்னைக்கு யார் கணக்க முடிக்கிறீங்க?" என்று ஒருவன் சிரித்தான். சற்று நேரத்தில் மார்லிஸ் வந்தாள். "கர்ட், எத்தனை தடவ சொல்றது? நல்லா செஞ்ச மனுஷனப் போய் சாகுறன்னு எழுதுறீங்களே. இன்னைக்கு ஒரு நாள் நீங்க எழுத வேண்டாம்." அவருடைய வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஏரிக்காரனின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளியும் அணைந்தது. அடுப்பில் ஹாட்டிஷ் கருகிக்கொண்டிருந்தது.

அவசர உதவிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆளுக்கு என்ன செய்யுதுங்க?" என்றாள் எடுத்த பெண்.

"ஒண்ணும் செய்யல. அதாம்மா பயமா இருக்கு."

"பேரு, முகவரி?"

"தெரியாது. வாசல்ல மீன் மாதிரி ஒரு தபால்பெட்டி இருக்கும்."

அவள் மரியாதையாகவே தொலைபேசியை வைத்துவிட்டாள். கர்ட் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டைமேல் சட்டையாக மாட்டிக்கொண்டு தன் பிக்கப் வண்டியை எடுத்தார். தபால்பெட்டிப் படத்தில் மீனுக்குப் பின்னால் சாலை எண் தெரிந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. குறை கண்டுபிடிப்பதற்காக அந்தப் படத்தை அவ்வளவு உற்றுப் பார்த்திருந்தார்.

ஏரியைச் சுற்றிப்போகும் அந்தச் சாலையில் எதிரே ஒரு வண்டி வரவில்லை. வீடுகள் பாதிக்குமேல் கோடையில் மட்டும் வந்து தங்குகிறவர்களுடையவை, ஜன்னலெல்லாம் பலகை அடித்து மூடியிருந்தது. வளைவு திரும்பியதும் மீன் நின்றது. இத்தனை புயல் அடித்தும் வால்கூடக் கோணாமல், வாயைத் திறந்துகொண்டு அவரையே பார்த்தது. கர்ட் அங்கேயே நிறுத்தி மறுபடி தொலைபேசியை எடுத்தார். இந்தத் தடவை ஆள் கீழே விழுந்துவிட்டார், மூச்சு இல்லை என்று பொய் சொன்னார். உடனே ஆம்புலன்ஸ் அனுப்புவதாகவும், பனியாக இருப்பதால் நேரமாகும் என்றும் சொன்னார்கள்.

மூச்சில்லாத மனிதர் வீட்டுக்குப் பின்னால் கயிற்றைத் தோளில் போட்டுக் குடிலை இழுத்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. வயது எழுபது இருக்கலாம், ஆனால் ஆள் தூண் மாதிரி நின்றார்.

"வாங்க, வழி தவறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு இருமல் இருமினார்.

"இல்லைங்க. உங்களப் பாக்கத்தான். கூடத்துலருந்து வர்றேன்."

"அடடே! நான் டெல்மர். டெல்மர் ஓஸ்ட்பி. நீங்க?"

கர்ட்டுக்கு ஒரு கணம் வேறு பெயர் சொல்லலாமா என்று தோன்றியது. "பழைய இரும்பு" என்றார்.

டெல்மரின் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு கயிற்றைக் கீழே போட்டார். "அப்படிங்களா. சரி, உள்ள வாங்க, ஒரு காபி குடிக்கலாம்." அந்தப் பக்கத்தில் எமனே வந்து கதவைத் தட்டினாலும் காபி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள்.

மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாளாம். டெல்மர் காபிக் கெண்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார், பக்கத்தில் தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்தார். கர்ட் சத்தம் போடாமல், திட்டாமல், ஸ்பிரேயைப் பற்றியும் ஆர்லோவைப் பற்றியும் சொன்னார். வாழ்நாளில் இவ்வளவு பதவிசாக அவர் பேசியதில்லை. டெல்மர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

"இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே, ரொம்ப நன்றிங்க. பாத்துக்கறேன்."

அது சாத்திய கதவு என்று கர்ட்டுக்குத் தெரிந்தது.

"நடமாடக் கூடாதுங்க. உடம்ப அசைச்சா சீக்கிரம் முத்திடும். ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு."

"எனக்கா? எதுக்குங்க வீண் சிரமம்? பாருங்க, நான் கல்லு மாதிரி இருக்கேன்." டெல்மர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "வெளிச்சம் இருக்கும்போதே ஏரியில இறக்கிடணும். நீங்க நிதானமா குடிச்சிட்டுக் கிளம்புங்க."

கத்தினால் இந்த மனிதர் எழுந்து போய்விடுவார். கையைப் பிடித்து இழுத்தால் திமிறுவார், திமிறினால் இன்னும் கெடுதல். கர்ட்டுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஆளை நாற்காலியில் பிடித்து வைக்கத் தன்னிடம் வேறு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் வாயைத் திறந்தார்.

"வாசல்ல அந்த மீன்... நல்லா நிக்குதுங்க."

டெல்மர் பாதி எழுந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இந்தச் சறுக்குச் சட்டமும் பாத்தேன். ஒட்டு ஒரே சீரா ஓடியிருக்கு. எங்கயும் கை நடுங்கல. நான் அடிச்சிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது."

டெல்மர் உட்கார்ந்தார். முதலில் முகத்தில் ஒரு சந்தோஷம், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையனைப்போல. கர்ட் விடவில்லை. மூலை மடக்கிய விதம் அழகு என்றார், சட்டத்தின் வளைவு அழகு என்றார். தொண்டையில் சிக்கிய முள் மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்து வெளியே போட்டார். சொல்லச் சொல்ல டெல்மரின் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கன்னத்துச் சிவப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கெண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றன.

"நான் உங்கள மறைச்சு வைக்கறதுக்கு முன்னாடி, நீங்க எழுதினது எல்லாத்தையும் படிச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஒருத்தரக்கூட நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதில்ல."

கர்ட் ஜன்னல் வழியாகச் சாலையை எட்டிப் பார்த்தார்.

"அப்ப நிஜமாவே நான் செத்துக்கிட்டுத்தான் இருக்கேனா?"

"தெரியலைங்க. வண்டி வந்துடும். அசையாம இருங்க, அது போதும்."

டெல்மர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, அவை வேறு யாருடையவோ என்பதுபோல் பார்த்தார். உதட்டோரம் லேசாக நீலம் பாய்ந்திருந்ததா, ஜன்னல் வெளிச்சம்தானா என்று கர்ட்டால் தீர்மானிக்க முடியவில்லை. வெளியே குடில், இழுத்த தடத்தோடு பாதி வழியில் நின்றது. வெகு நேரம் இருவரும் சாலையைக் கவனித்தார்கள். எந்தச் சத்தமும் இல்லை.

"நல்ல வார்த்தை போதும்ப்பா, பயமா இருக்கு" என்றார் டெல்மர். "எப்பவும் மாதிரி சொல்லு. அந்த ஒட்டு எப்படி இருக்கு?"

கர்ட் அவர் முகத்தைப் பார்த்தார். "காக்கா எச்சம்" என்றார்.

டெல்மருக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதய்யா, மூச்சு வாங்கும்."

"சரி, சிரிக்கல. நீ சொல்லு."

"இடது சட்டத்துல சூடு உள்ளயே இறங்கல. ரொட்டியில வெண்ணெய் தடவின மாதிரி மேலாப்புல பூசி விட்டிருக்க. அழுக்கத் தேய்க்கச் சொன்னா, சோம்பேறி, ஸ்பிரே அடிக்கிற. உனக்கெல்லாம் யாரு மிஷின் வித்தது? அவனச் சொல்லணும்."

டெல்மர் கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகம் தெளிந்துவிட்டது. தனக்குத் தெரிந்த உலகத்துக்குத் திரும்பி வந்துவிட்டவரைப்போல் "ம், ம்" என்று தலையாட்டினார். கர்ட் குரலைத் தாழ்த்தி, குடிலின் ஒவ்வொரு மூலையாகத் திட்டிக்கொண்டே போனார். திட்டும்போதே எங்கோ காபி கொதிக்கிற சத்தம் கேட்டது. சின்னச் சின்னக் குமிழிகள் உடைகிற சத்தம், சீராக, இடைவிடாமல். அடுப்பை அணைக்க மறந்துவிட்டாரோ என்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. கெண்டி அவர்களுக்கு நடுவில், மேசைமேல், ஆறிப்போய் இருந்தது. சத்தம் எதிர் நாற்காலியிலிருந்து வந்தது.

"வலது மூலைக்கு வா" என்றார் டெல்மர், கண்ணைத் திறக்காமல். "அத விட்டுட்ட."

கர்ட் வலது மூலையைத் திட்டத் தொடங்கினார்.