எட்டாவது போல்ட்

பதினோரு மாதமாக அந்த இன்ஜின் பட்டறையின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. மெக்கானிக் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தான். ஸ்பேனர் பலகைக்குப் போக அதை ஒட்டி நடந்தால் நாலே எட்டு, சுற்றினால் பன்னிரண்டு. யாராவது கேட்டால், "பார்க்க மனசு வரல" என்பான். பாதி உண்மை. மனசு வராததற்குப் பெயர் துக்கம் மட்டுமல்ல, பயமும்கூட.

போன வாரம் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணா, காரு, இன்ஜினு, அந்த ஹெல்மெட், எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடு. என் கண்ணுல படக் கூடாது." பழைய இரும்பு எடுப்பவரோ, இரும்பு வேறு, அலுமினியம் வேறு என்று பிரித்துக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று சட்டம் பேசினார். ஆக, யாராவது அந்த இன்ஜினைப் பிரித்தாக வேண்டும். வேறு யார் பிரிப்பது? கட்டியவன்தான் பிரிக்க வேண்டும்.

தங்கச்சி வீட்டுக்காரர் இவனுக்கு மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவனுக்கு ஓட்டுவதில் பைத்தியம், இன்னொருவனுக்குப் பிரித்துப் பூட்டுவதில். பந்தயத்துக்கென்று அந்தக் காரை வாங்கியதும் மெக்கானிக் முதலில் சொன்னது கனெக்டிங் ராடு போல்ட்டைப் பற்றித்தான். பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்குத் தண்டோடு கோத்து வைத்திருக்கும் ராடு. அந்த ராடின் வாயைப் பூட்டி வைத்திருப்பது இரண்டே இரண்டு போல்ட். நாலு பிஸ்டனுக்கு எட்டு. "கம்பெனி போல்ட் ஆபீஸுக்குப் போய் வரத் தாங்கும். நீ முறுக்குற முறுக்குக்குத் தாங்காதுடா" என்று சொல்லி, நல்ல உறுதியான புது போல்ட்டுகளை வரவழைத்தான். போல்ட் மாறினால் ராடின் வாயும் கொஞ்சம் மாறும் என்று லேத் பட்டறைக்கு அனுப்பி அதையும் வட்டம் பார்த்துச் சரிசெய்தான்.

வேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் முறுக்குவதற்கு முன்னால் அளந்து ஓர் அட்டையில் எழுதுவான். முறுக்கிய பிறகு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மறுபடி அளந்து எழுதுவான். கணக்கு சரியாக இருந்தால்தான் போல்ட் தலையிலிருந்து ராடு வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பான். கோடு இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. "போல்ட்டுக்கு ஜாதகம் எழுதுறான் பாரு" என்று மாப்பிள்ளை சிரிப்பான்.

பூட்டிய மூன்றாவது வாரம், பந்தயத்தின் மூன்றாவது சுற்றில், ஒரு ராடு இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொட்டிய எண்ணெய் பின் சக்கரத்துக்குப் போனது. கார் சுவருக்குப் போனது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை.

பந்தயக் குழுக்காரர்கள் இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்காமல் அறிக்கை எழுதினார்கள்: ஓட்டியவர் வரம்பு மீறி இன்ஜினை முறுக்கியிருக்கிறார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. பிள்ளை வரப்போவது தெரிந்தும் திமிர் பிடித்து ஓட்டினான் என்று சாவு வீட்டிலேயே பேசினார்கள். ஊர் பேசியதைவிடத் தங்கச்சி அதை நம்பியதுதான் கொடுமை. அவள் அழவில்லை. புருஷன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாள். ஆறு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தபோதும், "உங்கப்பனுக்கு நம்மளப் பத்தி நினைப்பே இல்லடி" என்றாள்.

அன்று காலை பத்து மணிக்கு, காரின் பத்திரங்களோடும் இடுப்பில் குழந்தையோடும் அவள் பட்டறைக்கு வந்தபோது, மெக்கானிக் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னும் முடியலையா?"

"உக்காரும்மா. அரை மணி நேரம்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குழந்தை மாமனைப் பார்த்துப் பொக்கை வாயைக் காட்டியது. அப்படியே அப்பன் மூக்கு. மெக்கானிக் குனிந்துகொண்டான்.

"இவ பெருசாகி, அப்பா எப்படிச் செத்தாருன்னு கேப்பா. நான் என்ன சொல்றது? உன்னைவிட மீட்டர் முள்ளு பெருசா இருந்துச்சு அவருக்குன்னு சொல்லவா?"

அவன் மேல் பாகத்தைக் கழற்றி எடுத்தான். உடைந்த பிஸ்டனை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் துடைத்துப் பார்த்தான். வரம்பு மீறி முறுக்கினால் வால்வு தடுமாறும். பிஸ்டன் தலையில் தட்டித் தழும்பு விழும். மூன்றிலும் ஒரு கீறல் இல்லை. மாப்பிள்ளை முறுக்கவே இல்லை. சொன்ன வரம்புக்குள், சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் ஓட்டியிருக்கிறான்.

மெக்கானிக் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தான்.

ராடுகளைப் பார்த்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். உடையாத ஆறு போல்ட்டிலும் மஞ்சள் கோடு மங்கலாகத் தெரிந்தது. ஏழாவது வளைந்து கிடந்தது, அதிலும் மஞ்சள். எட்டாவது போல்ட்டின் தலை சம்பின் அடியில், கருத்த எண்ணெய்ச் சேற்றில் கிடந்தது. எடுத்துத் துடைத்தான். திருப்பித் திருப்பித் துடைத்தான். மஞ்சள் இல்லை.

அந்த அட்டையை அவன் பதினோரு மாதமாக மேஜை இழுப்பறையிலிருந்து எடுக்கவே இல்லை. இப்போது எடுக்கத் தேவையும் இல்லை. எட்டாவது கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

அந்த மத்தியானம் முழுசாக ஞாபகம் வந்தது. எட்டையும் லேசாக முறுக்கியாயிற்று. கடைசி முறுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழாவதை முடித்துக் கோடு இழுத்தபோது போன் அடித்தது. வெளியே மாப்பிள்ளை ரேடியோவை அலறவிட்டு டயர் கழுவிக்கொண்டிருந்தான். போனில் தங்கச்சி. "அண்ணா, அவரு எடுக்கவே மாட்டேங்கிறாரு, நீயாவது கேளு. டாக்டர் உறுதியாச் சொல்லிட்டாங்க." ஆறு வருஷம் காத்திருந்த செய்தி. மெக்கானிக் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். மாப்பிள்ளை அவனை ஈரக் கையோடு தூக்கிச் சுற்றினான். இரண்டு தடியர்களும் நடுரோட்டில் அழுதார்கள். திரும்பி வந்த மெக்கானிக் பாடிக்கொண்டே சம்பை எடுத்து மூடினான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். சறுக்கியது ஒருவன், செத்தது இன்னொருவன் என்றால் அதற்கு என்ன பழமொழி இருக்கிறது?

அந்த இரும்புத் துண்டு கட்டைவிரல் அளவுகூட இல்லை. சட்டைப் பையில் போட்டால் முடிந்தது கதை. செத்தவன் எதையும் தாங்குவான், பழியையும் சேர்த்து. தங்கச்சி எப்போதும்போல் வருவாள், மருமகள் இந்தப் பட்டறைத் தரையில் தவழ்வாள்.

"என்னண்ணா அது?"

அவன் உள்ளங்கையை விரித்தான்.

"அவன் மேல தப்பு இல்லம்மா. ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கான். இந்த ஒரு போல்ட்டை நான் முறுக்காம விட்டுட்டேன்."

அவள் போல்ட்டைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "அவரு வேகமாப் போகலையா?"

"இல்ல. நான் சொன்ன அளவைத் தாண்டவே இல்ல."

பதினோரு மாதம் வராத அழுகை அப்போது வந்தது. புருஷன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். குழந்தை மிரண்டு வீறிட்டது. வாங்கிக்கொள்ள அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுக்கு மூணு தடவை அளக்குறவன் நீ. எப்படிண்ணா மறந்தே?"

மெக்கானிக் வாயைத் திறந்தான். குழந்தை அம்மாவின் தோளில் விசும்பிக்கொண்டிருந்தது.

"டீ குடிக்கப் போனேன்மா. திரும்பி வந்து, முடிச்சுட்டதா நினைச்சுட்டேன்."

"டீயா?"

"ஆமா."

"ஒரு டீக்காகவாண்ணா?"

"ஆமாம்மா. ஒரு டீக்குத்தான்."

அவள் பத்திரங்களை மறுபடி பைக்குள் வைத்தாள். இன்ஜினை விற்க வேண்டாம் என்றாள். வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்றும் சொன்னாள். பிறகு குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.