நாற்றங்காலில் கூனி

நாற்றங்கால் தண்ணீரில் குண்டானை அலசிவிட்டுக் கொட்டப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளை எனாமலின் அடியில் ஏதோ தெள்ளுப்பூச்சிபோலத் துள்ளியது.

விடிந்ததிலிருந்து அந்தக் குண்டானோடு முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுவிட்டு வந்திருந்தேன். கொசுவலையால் அரித்து இறால் பண்ணைக்குக் குஞ்சு பொறுக்குகிற வேலை. வயிற்றோரம் பழுப்புக் கோடு ஓடுகிற குஞ்சை மட்டும் சிப்பியால் ஒதுக்கிப் பானையில் விட வேண்டும். மீசை வைத்த தூசி, முள்தலை நண்டுக்குஞ்சு, கண் மட்டும் கறுத்த கூனி இறால் எல்லாவற்றையும் சேற்றில் கொட்டிவிடுவோம். வெயில் ஏறுமுன் காய்ந்துவிடும். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டியபோதுகூட நான் எதையும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

"ஆத்துலேருந்து நீயே தூக்கியாந்திருப்படி" என்றார் வீட்டுக்காரர் வீரையன்.

இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். தெருக்குழாயில் குண்டானைக் கழுவி, முந்தானையால் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். பிறகு நடு நாற்றங்காலில் மொண்டேன். கூனி. ஒன்றல்ல.

இந்த ரெண்டு மா நிலமும் அவர் செங்கொடி பிடித்து, அடி வாங்கி, உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்தது. சுற்றியிருந்தவர்கள் பண்ணைக்கு விற்றுவிட்டார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் இப்போது பண்ணைக் குட்டை, கடல் தண்ணீர்.

"இது நல்ல தண்ணில பொழைக்காதுங்க."

அவர் ஒரு கை அள்ளிக் குடித்தார். "எனக்குக் கரிக்கல."

"பொயலை போட்ட நாக்குக்கு எதுதான் கரிக்கும்?"

மறுபடி அள்ளினார். இந்த முறை விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.

குஞ்சு எடுக்க வந்த பண்ணை ஆள் கோவிந்தராசு சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டுக் குண்டானை எட்டிப் பார்த்தான்.

"மடை லேசாக் கசிஞ்சிருக்கும்க்கா. உப்பு ஏறுன மண்ணுல இனிமே என்னத்த வெளையும்? அண்ணன் சரின்னா நாளைக்கே பத்திரம் எழுதிடலாம்." அப்புறம் பானையைப் பார்த்தான். "என்னக்கா, இன்னைக்குக் குஞ்சு இம்புட்டுதானா?"

அவர் வாயில் தண்ணீரோடு நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நுனி இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

நான் குனிந்தேன். கூனிகளுக்கு நடுவே ஒன்று தனியாக நீந்தியது. வயிற்றோரம் பழுப்புக் கோடு. என் கை தானாகச் சிப்பியை எடுத்தது. அதை ஒதுக்கி, நசுங்காமல் தூக்கி, பானையில் விட்டது.