பிடிபட்ட மூச்சு

எங்கள் ஊர் கபடி அணியில் பாடிப் போகிறவன் தன் மூச்சைக் கொண்டுபோவதில்லை. ரசிகர் ஒருவருடைய மூச்சைக் கொண்டுபோவான். ஓடவும் உதைக்கவும் அவன் மூச்சு அவனுக்கு வேண்டும். ‘கபடி கபடி’ என்று பாட இன்னொன்று வேண்டும். அதனால் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே செம்மணல்விளை கபடிக் கழகத்தில் ஏழு ஆட்டக்காரர்களுக்கும் ஏழு ரசிகர்களின் பெயரை எழுதிவிடுவார்கள். என் பெயரை இசக்கிராஜுக்கு எழுதியிருந்தார்கள். அவன் பால் வண்டி ஓட்டுகிறவன்.

அவன் நடுக்கோட்டைத் தாண்டும்போது என் மூச்சு போகும். திரும்பி வந்து கோட்டைத் தொட்டதும் வந்துவிடும். முப்பது விநாடிக்குள் முடிகிற காரியம். மூச்சு இல்லாத நேரத்தில் பேச முடியாது, வாசனை தெரியாது, சூடான காபியை ஊதிக் குடிக்க முடியாது. மற்றபடி நடக்கலாம், வேலை பார்க்கலாம். எதிர் அணி அவனைப் பிடித்துவிட்டால்தான் சங்கடம். மூச்சு அவர்கள் பக்கத்திலேயே தங்கிவிடும். நம் ஆள் யாராவது ஒரு புள்ளி எடுத்து அவனை மறுபடி களத்துக்குள் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவை ஒரு விருந்தில் இலை போட்ட நேரத்தில் பிடிபட்டான். பாயசம் முடிகிறவரை மூச்சு வரவில்லை. அது என்ன பாயசம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் சொல்ல வந்தது நடந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அந்த வருஷம் மாவட்ட அரையிறுதியைச் சனிக்கிழமை சாயங்காலமும், இறுதி ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் வைத்தார்கள். என் அக்கா மகள் சுயம்புக்கனியின் கல்யாணமும் அதே சனி, ஞாயிறு. சனி சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஞாயிறு ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். அவளுக்கு நான் ஒரே தாய்மாமன்.

எங்கள் ஊரில் தாலி கட்டுவதற்கு முன் சபைப் பெரியவர் எழுந்து, “தாய்மாமன் சம்மதமா?” என்று மூன்று தடவை கேட்பார். வாயால் சம்மதம் என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. முன்பொரு தாய்மாமன் தூங்கி விழுந்ததைத் தலையாட்டியதாக எடுத்துக்கொண்டு தாலி கட்டிவிட்டார்களாம். மூன்றாவது தடவையும் பதில் வராவிட்டால் பெண் மாமன் மகனுக்கு என்று ஆகிவிடும். வந்த மாப்பிள்ளை மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். என் மகனுக்கு அப்போது நாலு வயது.

கழகத்துக்குப் போய், அந்த இரண்டு நாளுக்கு வேறு பெயர் எழுத முடியுமா என்று கேட்டேன். “ஒம்ம மூச்சுக்கு அவன் பழகிட்டான் வே,” என்றார் செயலாளர். “புது மூச்சு குடுத்தா இருமுவான்.” நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் அணி இறுதிக்குப் போகும்போல இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை லிங்கதுரையின் கையைப் பிடித்து, “வாங்க மாப்ள, உள்ள…” என்றேன். அத்துடன் மூச்சு போய்விட்டது. வாய் திறந்தபடி நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனைவி பிரம்மசக்தி பின்னாலிருந்து வந்து, “உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க,” என்று முடித்து வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒங்க பேச்சுல பாதிய நான்தான் பேசணும்போல,” என்றாள்.

மூச்சு இல்லை என்று மார்பைத் தொட்டுக் காட்டினேன்.

“சரி, வந்த பெறகு சொல்லுங்க.”

வந்தபோது மூச்சில் வேறு ஆட்களின் வியர்வை வாடை இருந்தது. இரண்டு பேரைத் தொட்டிருக்கிறான். ஆட்டத்தை நான் அப்படித்தான் பார்ப்பேன். வெறும் மணல் வாடை என்றால் சும்மா போய் வந்திருக்கிறான். சுண்ணாம்பு வாடை என்றால் கடைசிக் கோடு வரைக்கும் போயிருக்கிறான். அன்று மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனையில் திரும்பும்போது ஒரே மூச்சில் மூன்று வியர்வை வந்தது. கை தட்டிவிட்டேன். மேளக்காரர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அதே பாட்டை இன்னொரு தடவை வாசித்தார்கள். அரையிறுதியில் ஜெயித்தோம்.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கும் முன் சுயம்புக்கனி என்னைக் கூப்பிட்டாள். லிங்கதுரைக்காக மூன்று வருஷம் வீட்டில் சண்டை போட்டவள். சண்டை போட்ட களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

“மாமா, நாளைக்கு நீங்க ஒரே ஒரு வார்த்த சொல்லணும்.”

“சொல்லுதேன்மா.”

“மூணு தடவ கேப்பாக. எதாவது ஒண்ணுல சொல்லிருவீங்கல்லா?”

“இசக்கி போய்ட்டு வாரது முப்பது செகண்டு. சொல்லிருவேன்.”

“பிடிச்சுட்டாங்கன்னா?”

“அவன யாரு பிடிக்கப் போறா.”

அவள் வளையல்களை மேலே தள்ளினாள். அவை மறுபடி கீழே இறங்கின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மணவறையிலிருந்து சமையல்கட்டு, சமையல்கட்டிலிருந்து வாசல், வாசலிலிருந்து மணவறை. சமையல்காரர் பூவலிங்கமும் கழகத்தில் பெயர் எழுதப்பட்டவர்தான். அவருடைய ஆட்டக்காரன் எடுத்த புள்ளிகளைக் கரண்டியைத் தூக்கிக் காட்டுவார். நான் விரலைக் காட்டுவேன். அக்காள் புருஷன் என்னைத் தோளில் பிடித்து நிறுத்தினார்.

“மச்சான், ஒரு எடத்துல நில்லும். நீரு நடக்கிற நடையப் பாத்தா பொண்ணு ஓடிப்போயிட்டுன்னு நெனப்பாக.”

“பத்தொம்பதுக்குப் பதினெட்டு, அத்தான்,” என்றேன்.

“யாருக்கு?”

“அதத்தான் பாத்துட்டு வாரேன்.”

ஒன்பதே முக்காலுக்கு மூச்சு போனது. எண்ணத் தொடங்கினேன். பதினேழில் இடது கணுக்காலில் யாரோ பிடித்த மாதிரி இருந்தது. முப்பது ஆயிற்று, நாற்பது ஆயிற்று. பிடித்துவிட்டார்கள். சமையல்கட்டைப் பார்த்தேன். பூவலிங்கம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் சபைப் பெரியவர் ஆறுமுகநயினார் எழுந்து மேல்துண்டைச் சரிசெய்தார்.

“தாய்மாமன் சம்மதமா?”

வாயைத் திறந்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் என் வாயையே பார்த்தார்கள்.

“தாய்மாமன் சம்மதமா?”

கையைக் காட்டினேன். தலையாட்டினேன். மார்பில் அடித்துக் காட்டினேன். “அது செல்லாது,” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அப்பா குனிந்து செருப்பை எங்கே விட்டோம் என்று தேட ஆரம்பித்தார். லிங்கதுரை மாலையில் கை வைத்துக்கொண்டு சுயம்புக்கனியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். என் அக்கா, நாலு வயது மாப்பிள்ளையை எங்கே காணோம் என்பதுபோல் என் மகனைத் தேடினாள். அவன் அட்சதைத் தட்டின் அருகே உட்கார்ந்து அரிசியைத் தின்றுகொண்டிருந்தான்.

பிரம்மசக்தி ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கழகத்து மூச்சுக்குத்தான் பெயர் எழுத வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்குள் அது தேவையில்லை. முந்தானையில் முகத்தைப் புதைத்து மூச்சு முழுவதையும் அதில் விட்டாள். பிறகு வேர்வை துடைக்கிற மாதிரி அதை என் மூக்கில் வைத்து அழுத்தினாள். மஞ்சளும் ஏலக்காயுமாக வாடை வந்தது.

“தாய்மாமன் சம்மதமா?”

“சம்மதம்,” என்றேன். அது பிரம்மசக்தியின் குரலில் வந்தது.

சபை திரும்பிப் பார்த்தது. ஆறுமுகநயினார் மேல்துண்டை மறுபடி சரிசெய்தார்.

“சத்தம் அத்தைக்காரி சத்தம். வாய் தாய்மாமன் வாய். நாம கேட்டது வாயத்தான்,” என்றார். “கெட்டிமேளம்.”

தாலி கட்டியாயிற்று. சுயம்புக்கனி என் காலில் விழுந்தபோது, “நல்லா இரும்மா,” என்றேன். அத்தை குரல் கேட்டு அவள் பிரம்மசக்தியின் காலிலும் விழுந்தாள். பிரம்மசக்தி பேசாமல் அவள் தலையில் கை வைத்தாள். பேச அவளிடம் ஒன்றும் இல்லை. மூச்சில்லாமலே ஆரத்தி எடுத்தாள், வெற்றிலை கொடுத்தாள், வந்தவர்களைப் பந்திக்கு அனுப்பினாள்.

பத்தே காலுக்கு சமையல்கட்டில் கரண்டி உயர்ந்தது. பூவலிங்கத்தின் ஆட்டக்காரன் ஒரு புள்ளி எடுத்து இசக்கிராஜை உள்ளே கொண்டுவந்துவிட்டான். என் மூச்சு திரும்பி வந்தது. என் மார்பில் இடம் இல்லை. கொஞ்ச நேரம் என் முன்னால் நின்றுவிட்டு, காலியாக இருந்த இடத்துக்குப் போனது. பந்தியில் பிரம்மசக்தி என் குரலில், “அந்த எலைக்குச் சாம்பார் வரலியே,” என்றாள்.

கடைசித் தடவையாக இசக்கிராஜ் கோட்டைத் தாண்டியபோது என்னிடமிருந்து போனது அவள் மூச்சு. எங்கள் ஊரில் அவளைப்போல் நீளமாகக் குலவையிடுகிறவர்கள் கிடையாது. அவன் வாயிலிருந்து கபடிக்குப் பதில் குலவைதான் வந்ததாம். எதிர் அணியினர் ஏதோ நல்ல காரியம் நடக்கிறது என்று கைகூப்பி நின்றார்கள். களத்தில் மிஞ்சியிருந்த நாலு பேரையும் தொட்டுவிட்டு வந்தான். விதிப்படி கபடி என்றுதான் பாட வேண்டும் என்று நடுவர் அதைத் தள்ளிவிட்டார். ஒரு புள்ளியில் தோற்றோம்.

மத்தியானம் இசக்கிராஜ் முழங்காலில் மணலுடன் பந்தியில் வந்து உட்கார்ந்தான்.

“மதினி, என்ன மூச்சு அது. எனக்குக் கொலவ நிக்கவே இல்லியே,” என்றான்.

“தோத்துட்டு வந்தவன் பேசாம சாப்புடுல,” என்றாள் அவள் என் குரலில். நான் சொல்ல நினைத்ததும் அதுதான்.

மூச்சை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நானும் அவளும் பல தடவை பேசினோம். மகனுக்குப் பரீட்சை வரும், வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள், குழாயில் தண்ணீர் வரும். அப்படியே தள்ளிப்போயிற்று. சண்டை வந்தால் என் குரல் என்னைத் திட்டும். அவள் குரலில் நான் கோபப்பட்டால் அக்கம்பக்கத்தார் அவளிடம் வந்து புத்தி சொல்வார்கள். சுயம்புக்கனி டெலிபோனில் கூப்பிட்டால், “மாமா, அத்தைகிட்ட குடுங்க,” என்பாள். அத்தை குரல் என்னிடம்தான் என்பதால் போனை யாரிடமும் கொடுக்காமல் நானே வைத்திருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் பிரம்மசக்தியின் மூச்சு நின்றது. நான் கட்டில் பக்கத்தில் நின்றும் உட்கார்ந்தும் இருந்தேன். மருத்துவர் நாடியைப் பார்த்தார். பிறகு நின்றது யாருடைய மூச்சு என்று பார்த்தார். இறப்புச் சான்றிதழில் தங்கப்பழம், ஆண், என்று என் பெயரை எழுதிக் கொடுத்தார்.

போன தேர்தலில் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இல்லை. அவள் பெயர் இருந்தது. பெண்கள் வரிசையில் போய் நின்றேன். அந்தப் பக்கம் நிழல் இருந்தது. மேஜையில் இருந்தவர் தலை நிமிராமல் பெயரைக் கேட்டார்.

“பிரம்மசக்தி,” என்றேன்.

விரலை நீட்டச் சொன்னார்.