இணை உறுப்பினர்

கறுப்புக் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்த ஹிலரியிடம், இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“மிசஸ் ட்ரான்டர், வெளியூர்லேர்ந்து வேன்காரங்க யாராவது வர்றதா சொன்னாங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தகனக்கூடத்து மதிலோரமாகப் பதினோரு வண்டிகள் நின்றன. படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய பெரிய வெள்ளை மோட்டார்ஹோம்கள். இரண்டு கார்களுக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்து வந்த கேரவன்கள். ஒன்றின் ஜன்னலில் பூப்போட்ட திரை தொங்கியது.

“இல்லையே. வேற யாரோட சாவுக்காவது வந்திருப்பாங்க.”

“அடுத்தது ரெண்டரைக்குத்தான். இவங்க உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் வழி கேட்டாங்க.”

ஹிலரி பதினான்கு பேருக்குத்தான் சொல்லியிருந்தாள். பதினான்கு பேருக்குத்தான் சாண்ட்விச் வெட்டியிருந்தாள். க்ளைவுக்கு அதற்கு மேல் ஆட்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள் என்பது நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா. எரிவாயு மீட்டர் பொருத்துகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த கேக்கைக்கூட வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தவர் அவர்.

மகள் லோர்னா மறுபக்கம் இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். வாசலில் இரண்டு பக்கமும் நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் அறுபது வயதுக்கு மேல். எல்லோர் மார்பிலும் நீல நிறத்தில் ஒரே மாதிரி சின்ன பேட்ஜ். ஹிலரி கடந்து போகும்போது ஒருவர் விடாமல் தலையைத் தாழ்த்தினார்கள். அந்தப் பேட்ஜை அவளுக்குத் தெரியும். பல் மருத்துவரின் வரவேற்பறையில் கிடந்த பத்திரிகையிலிருந்து அவள் கிழித்து வந்த கேரவன் கிளப் விண்ணப்பத்தின் மேல்மூலையில் அதே படம் இருந்தது.

அந்த விண்ணப்பம் இப்போது அவளுடைய கைப்பையில்தான் இருந்தது. காலையில் கார் வரும்வரை சமையலறையில் உட்கார்ந்து பெயர், முகவரி, கேரவனின் நீளம் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கணவனை எரிக்கப் போகிற நாளில் ஒருத்தி செய்கிற வேலையா இது என்று கேட்க லோர்னா பக்கத்தில் இல்லை. மாடியில் காலுறை தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிளப்பில் சேர வேண்டுமென்று பதினோரு வருடமாக ஹிலரிக்கு ஆசை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் நின்றவள் அவள். முந்நூறு பிள்ளைகளின் பெயரும் யாருக்குப் பட்டாணி பிடிக்காது என்பதும் அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றதும் க்ளைவ் ஊர்க்கோடியில் ஒரு சின்ன வீடும் ஒரு கேரவனும் வாங்கினார். வருடத்துக்கு இரண்டு முறை அவளை அதில் ஏற்றிக்கொண்டு போய், ஆள் நடமாட்டமே இல்லாத ஏதோ ஒரு விவசாயியின் வயலில் நிறுத்துவார். இரண்டு நாற்காலிகளைப் போடுவார். செய்தித்தாளை விரிப்பார். அவ்வளவுதான். சாயங்காலம் வரை பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒவ்வொரு மார்ச்சிலும், கேரவனைக் கழுவ எடுக்கும்போது அவள் கேட்பாள்.

“இந்த வருஷமாவது அந்தக் கிளப்புல சேரலாமா?”

“அதுல என்ன இருக்கு? சனிக்கிழமை பதினோரு மணிக்கு விசிலடிச்சா அவனவன் கோப்பையைத் தூக்கிட்டுப் போய் வட்டமா உக்காரணும். ரெண்டு வண்டிக்கு நடுவுல இருபதடி இருக்கான்னு ஒருத்தன் டேப்பைத் தூக்கிட்டு அலைவான். ராத்திரி வினாடி வினா. தேவையா?”

“எனக்கு அந்த வட்டமா உக்கார்றதுதான் வேணும்.”

“பார்க்கலாம்” என்பார்.

போன வாரம் புற்றுநோய் இல்லத்தில் அவர் கிடந்தபோது, அவருடைய முழங்கால்மேல் கம்பளிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே விளையாட்டாகக் கேட்டாள். “எழுந்து வந்ததும் கிளப்புல சேருவோமா?” க்ளைவ் கண்ணைத் திறந்து அவளை வெகுநேரம் பார்த்தார். “பார்க்கலாம்” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, போய்விட்டார். கடைசி வார்த்தையையும் அவளுக்காகவே வைத்திருந்து சொன்னார் என்று நினைத்து ஹிலரி அந்தச் செவ்வாய்க்கிழமை முழுக்க அழுதாள்.

உள்ளே சடங்கை நடத்திய பெண்மணி, ஹிலரியும் லோர்னாவும் எழுதிக் கொடுத்த தாளை நிதானமாக வாசித்தாள்.

“க்ளைவ் அதிகம் பேசாத மனிதர். கூட்டம் என்றாலே ஒதுங்கிப் போகிறவர்.”

பின்வரிசைகளில் சிரிப்பு வெடித்தது. அடக்கிக்கொண்ட சிரிப்பு அல்ல, நல்ல நகைச்சுவையைக் கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு. ஒருவர் கைகூடத் தட்டினார். பெண்மணி குழம்பிப்போய், தானும் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டதாக எண்ணி லேசாகச் சிரித்து வைத்தாள். முன்வரிசையில் பதினான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஹிலரி திரும்பவில்லை.

தேநீருக்கு அடுத்த கட்டடத்துக் கூடத்தைப் பிடித்திருந்தார்கள். சாண்ட்விச் போதாது என்று லோர்னா கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே, நீல பேட்ஜ்காரர்கள் தங்கள் வண்டிகளுக்குப் போய் மடக்கு நாற்காலிகளும் தகர டப்பாக்களில் கேக்குகளும் பெரிய கெட்டில் ஒன்றும் கொண்டு வந்துவிட்டார்கள். ஐந்தே நிமிடம். யாரும் யாரையும் ஏவவில்லை. கூடத்தின் நடுவே நாற்காலிகள் தாமாகவே ஒரு வட்டமாக அமைந்தன.

பருமனான ஒரு பெண் வந்து ஹிலரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

“நான் மொய்ரா. நம்ம கிளப்புக்குச் செயலாளர். இவ்ளோ கூட்டம் உங்களுக்கு ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியும் கண்ணு. ஒண்ணும் பயப்படாதீங்க. கதவோரமா ஒரு நாற்காலி போட்டிருக்கேன். மூச்சு முட்டற மாதிரி இருந்தா சட்டுனு வெளிய போயிடலாம்.”

“எனக்கு எதுக்கு மூச்சு முட்டணும்?”

“தைரியசாலின்னு க்ளைவ் சொல்லுவாரு. வீட்டு வாசலைத் தாண்டறதே உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாரு பாவம்.”

ஹிலரி தன் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

“நீங்க க்ளைவை எங்க பார்த்தீங்க?”

“எங்கயா? எல்லா முகாமுக்கும் வருவாரே. மாசத்துக்கு ஒரு சனி ஞாயிறு. பதினோரு வருஷமா வினாடி வினா நடத்தினதே அவர்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குரல்ல பேசுவாரு. அதோ நிக்கறாரே டெஸ், அவருக்கு ஒரு தடவை சிரிச்சுச் சிரிச்சுப் பல்செட்டே கழண்டு விழுந்துடுச்சு.”

மாசத்துக்கு ஒரு சனி ஞாயிறு க்ளைவ் மீன் பிடிக்கப் போவார். கேரவனோடு போவார், வெறுங்கையோடு வருவார். அந்தப் பக்கத்து ஏரிகளில் பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும், அதுதான் வழக்கம். எந்த ஆண்பிள்ளையிடமும் எந்த மனைவியும் மீன் எங்கே என்று கேட்பதில்லை. கிளப்பில் விசிலடிப்பதும் டேப் வைத்து அளப்பதும் இவருக்கு எப்படித் தெரியும் என்றும் ஹிலரி ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது நினைக்க, தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

“நான் செஞ்ச மார்மலேட் ஜாம் பிடிச்சுதா?” என்றாள் மொய்ரா. “ஒவ்வொரு தடவையும் உங்களுக்குன்னு ஒரு பாட்டில் குடுத்து விடுவேன். போர்வையும் நாங்க அஞ்சு பேர் சேர்ந்து பின்னினதுதான். உங்களுக்குக் குளிர் தாங்காதுன்னு சொன்னாரு. நீங்க அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களாமே.”

லேபிள் கழுவப்பட்ட பாட்டில்கள். கண்ணாடியில் விரல் வைத்தால் பசை பிசுபிசுக்கும். பெட்ரோல் பங்கில் மலிவாகக் கிடைத்தது என்பார். ஹிலரிக்கு ஆரஞ்சுத் தோலின் கசப்பு ஆகாது. தினமும் காலையில் அவள் எதிரிலேயே உட்கார்ந்து தன் ரொட்டியில் பூசிப் பூசிச் சாப்பிட்டவர் க்ளைவ். போர்வை பழைய சாமான் விற்பனையில் வாங்கியதாம். அதைத்தான் அவருடைய முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், கடைசி மூச்சுவரை.

“எனக்கு ஒரு வியாதியும் இல்ல மொய்ரா. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைங்களுக்குச் சோறு போட்டவ நான். கூட்டம்னா எனக்கு உசுரு. அவர் சொன்னதெல்லாம் பொய்.”

மொய்ரா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“ஆமா கண்ணு. இன்னைக்கு நீங்க என்ன வேணா சொல்லலாம். கோவம் வரும். எங்க வீட்டுக்காரர் போனப்ப எனக்கும் வந்துச்சு.”

ஹிலரி கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். புற்றுநோய் இல்லத்தில் காகிதப் பையில் போட்டுக் கொடுத்த க்ளைவின் பர்ஸ் அவளுடைய கைப்பையின் அடியில் அப்படியே இருந்தது. மொய்ராவின் பேச்சைக் கேட்டிராவிட்டால் இன்னும் ஒரு மாதத்துக்கு அதைத் திறந்திருக்க மாட்டாள். ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் இரண்டு நீல அட்டைகள். ஒன்றின் ஓரங்கள் தேய்ந்திருந்தன. மற்றது அச்சடித்து வந்தபடியே இருந்தது. ஹிலரி ட்ரான்டர். இணை உறுப்பினர். பின்பக்கம் கையெழுத்துக்கான பட்டை வெள்ளையாகக் கிடந்தது. ஒரே வீட்டில் இருக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே சந்தா என்பதை அவள் விண்ணப்பத்திலேயே படித்திருந்தாள். வருடா வருடம் இந்த அட்டைகள் கேரவனை நிறுத்தி வைக்கும் பண்ணையின் முகவரிக்கு வந்திருக்க வேண்டும்.

பதினோரு மார்ச் மாதங்கள் அவள் சேரக் கேட்டு நின்றது, ஏற்கெனவே தன் பெயரும் இருந்த கிளப்பில்.

இன்னொரு பெண்ணை வைத்திருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும். அதற்குத் திட்டலாம், ஊரே கூட நின்று திட்டும். இவர் வைத்திருந்தது சிரிப்பு. வீட்டில் ஒரு துளி சிந்தாமல் மொத்தமாகச் சேர்த்துக் கொண்டுபோய் அங்கே கொட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அழுத அழுகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

“அம்மா, நல்லாத்தானே இருக்க?” லோர்னாவின் குரல். “அப்பாவுக்கு இவ்ளோ ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா. எவ்ளோ பாசமா பேசறாங்க தெரியுமா. உனக்குத் தெரியுமா இதெல்லாம்?”

ஹிலரி கதவைத் திறந்தாள். மகளின் முகம் அழுது சிவந்து, ஆனால் மலர்ந்திருந்தது. ஒரு வாரமாக அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் பார்க்கவில்லை.

“தெரியும்” என்றாள்.

கூடத்தில் வட்டம் களைகட்டியிருந்தது. பல்செட் கழன்ற டெஸ் எழுந்து நின்று க்ளைவைப்போல நடித்துக்காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் மைக் பிடித்த பாவனை. குரல் அச்சு அசல் க்ளைவ், ஆனால் அந்தக் குரல் அவ்வளவு நீளமாகப் பேசி ஹிலரி கேட்டதில்லை. சுற்றிலும் ஆட்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். ஒரு கிழவி கோப்பை சிந்தாமல் இருக்க இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இதே வட்டத்தைத்தான் அவள் பதினோரு வருடம் கேட்டாள். இன்னும் அது வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வேறு எங்கே போவாள்? ஊர்க்கோடி வீட்டுக்கா, எதிர் நாற்காலியும் காலியான வீட்டுக்கா?

கதவோர நாற்காலி காத்திருந்தது. அவள் அதில் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டு மொய்ராவிடம் நீட்டினாள்.

“எம்பேர்ல தனியா சேர்றேன்.”

“அவசரமே இல்ல கண்ணு. நல்லா யோசிச்சு…”

“பதினோரு வருஷம் யோசிச்சாச்சு. புடிங்க.”

மொய்ரா படித்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“க்ளைவ் மட்டும் இதைப் பார்த்திருந்தா. கவலைப்படாதீங்க, அடுத்த முகாம்லேர்ந்து வேலியோரமா, எல்லார்கிட்டேர்ந்தும் தள்ளி, உங்களுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கி வெச்சுடறேன். யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

ஹிலரி கதவோர நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தாள். இரும்புக் கால்கள் மரத்தரையைக் கீறிக்கொண்டு கூடம் முழுக்க வந்தன. டெஸ்ஸுக்கும் அந்தக் கிழவிக்கும் நடுவே இடித்து நுழைத்து, கறுப்பு உடையை முழங்காலுக்கு மேல் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

டெஸ் இல்லாத மைக்கைக் கீழே இறக்கினார். சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. கிழவி தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டு அவளுக்குக் காற்று வர இடம் விட்டாள்.

“நிறுத்தாதீங்க” என்றாள் ஹிலரி. “சொல்லுங்க. அப்புறம் அவர் என்ன சொன்னாரு?”

எல்லோரும் அவளைக் கனிவோடு பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூலையில் கெட்டில் மட்டும் கொதித்து இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாதென்று நினைத்து, டெஸ் நுனிக்காலில் நடந்து போய் அதை அணைத்தார்.