மொள்ள

நீனோவின் மூக்கை நான் உடைத்தபோது நியாயம் முழுக்க என் பக்கம் என்றுதான் நினைத்தேன். சூசைதாசன், அதாவது நான், கைநீட்டுகிறவன் என்பது இந்த இத்தாலிய நகரம் பலெர்மோவில் எங்கள் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கோபம் வந்தால் எனக்கு முதலில் கைதான் கதைக்கும், வாய் ஆறுதலாகப் பின்னால் வரும். அன்றைக்கு மட்டும் வாய் முந்திக்கொண்டது.

போர்கோ வெக்கியோப் பகுதியில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் நான் வேலை செய்த படகுத் தளம். குளிர்காலம் முழுக்கப் பாய்ப்படகுகளைக் கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்து வைத்திருப்போம். உயிர்த்த ஞாயிறு நெருங்கினதும் படகுக்காரர் எல்லோருக்கும் ஒரே கிழமையில் கடல் ஞாபகம் வந்துவிடும். ஏழு வசந்தமாக நான்தான் இறக்கினேன். அடித்துளையின் மூடி இறுகியிருக்கிறதா, வால்வுகள் பூட்டியிருக்கிறதா, பாய்மரம் எந்த மின்கம்பியிலாவது முட்டுமா என்று நானே பார்ப்பேன். ஏழு வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

இறக்குகிற விதம் இதுதான். படகு ஒரு இரும்பு வண்டியில் நிற்கும். வண்டி தண்டவாளத்தில் சரிவால் இறங்கித் தண்ணிக்குள் போகும். மேலே வின்ச், அதிலிருந்து வருகிற கம்பிக் கயிறு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வின்ச் பிரேக்கில் நீனோ. கீழே, வண்டியின் கடல் பக்கத்துச் சில்லுகளுக்கு முன்னால் ஆப்புக்கட்டைகள். நீனோவுக்குப் படகின் வயிறு மறைக்கும், கீழே நடப்பது ஒன்றும் தெரியாது. அதனால் நடுவில் நான் நின்று குரல் கொடுப்பேன். தளத்தில் அந்த நேரம் வேறு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. இத்தாலியனில் மூன்றே சொல்தான். ‘ஃபெர்மா’ என்றால் நில். ‘பியானோ’ என்றால் மெதுவாக. ‘மொல்லா’ என்றால் விடு.

வில்லங்கம் அந்த மூன்றாவது சொல்லில் இருந்தது. எங்கள் வீட்டில் மெதுவாக என்பதற்கு ‘மொள்ள’ என்றுதான் சொல்லுவோம். எங்கள் ஊர் பேசாலையில் பிறந்த வாய் அது. முதல் வருஷமே நான் வாய்தவறி மொள்ள, மொள்ள என்று சொல்ல, கயிற்றில் தூக்கிக்கொண்டிருந்த பெயின்ற் வாளியை நீனோ அப்படியே விட்டான். நீல பெயின்ற் முழுக்க என் தலையில். தளமே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு நீனோ என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தச் சொல்லை இங்கே சொல்லாதே, ஒருநாள் யாரையாவது கொன்றுவிடுவாய் என்றான். அன்றோடு நிறுத்தினேன். ஆறு வருஷம் தளத்துக்குள் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

ஜோக்கிம் என் மனைவி அகஸ்ரீனாவின் தம்பி. முப்பத்தொரு வயது, நல்ல வேலைக்காரன். போன மார்கழியில் நான்தான் அவனைத் தளத்தில் சேர்த்துவிட்டேன். அகஸ்ரீனாவுக்கு அது பிடிக்கவில்லை. லிபெர்த்தாத் தெருவில் அவள் வேலைக்குப் போகிற சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டுப் பக்கமே அவனுக்கும் ஏதாவது வேலை தேடலாம் என்று சொல்லிப்பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில் ஒன்று சொன்னாள்: “அவன் உங்கட பொறுப்பு. அவனுக்கு ஒண்டு நடந்தா நான் உங்கட முகத்தில முழிக்கமாட்டன்.” நான் சிரித்தேன்.

அன்றைக்கு ஷிரோக்கோ அடித்துக்கொண்டிருந்தது. பாலைவனத்துச் சூடும் மண்ணும் வாய்க்குள் போகிற காற்று. அந்தக் காற்றில் படகு இறக்கக்கூடாது என்று நான் முதலாளிக்குச் சொன்னேன். படகுக்காரர் ஒரு வக்கீல், விருந்தாளிகளைக் கூப்பிட்டு வைன் போத்தலோடு வந்து நின்றார். முதலாளி என்னைப் பார்த்துக் கையை விரித்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது, அந்த எரிச்சலோடே வேலையைத் தொடங்கினேன்.

வலப்பக்கத்து ஆப்பு முதல் அடியிலேயே கழன்றது. இடப்பக்கம் இறுகிப்போய்க் கிடந்தது. ஜோக்கிம் பக்கவாட்டில் நின்று அடித்துப் பார்த்தான், அசையவில்லை. வக்கீல் நேரத்தைப் பார்த்தார். ஜோக்கிம் ஒரு காலைத் தண்டவாளத்தில், சில்லுக்கு முன்னாலேயே ஊன்றிக்கொண்டு சுத்தியலை ஓங்கினான். அவன் அடித்த அடியில் வண்டி ஒரு விரலளவு நகர்ந்ததைக் கண்டேன். நான் சொல்லியிருக்கவேண்டியது ஃபெர்மா. ஆனால் கீழே நின்றவன் என் வீட்டுப் பிள்ளை, வாய் வீட்டுக்குப் போய்விட்டது.

“ஜோக்கிம், மொள்ள. மொள்ள.”

பிரேக் விட்ட சத்தம் கேட்டது. ஐந்து தொன் படகு வண்டியோடு ஆப்பின் மேலால் ஏறி, அவன் காலின் மேலால் ஏறி, கடலுக்குள் போனது. எலும்பு நொருங்குகிற சத்தம் ஷிரோக்கோவையும் தாண்டி என் காதுக்கு வந்தது. ஜோக்கிம் கத்தவில்லை. சுத்தியலைப் பிடித்தபடியே தண்டவாளத்தின் குறுக்கே விழுந்தான். முழங்காலுக்குக் கீழே கால் சப்பளிந்து, சப்பாத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே தண்ணியில் படகு சரிந்துபோய்ச் சுவரில் மோத, வக்கீல் படகைப் பார்த்துத் தலையில் கைவைத்து அழுதார்.

நான் மேலே ஓடினேன். நீனோ வின்ச்சை விட்டு இறங்கி, என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டபடி வந்தான். முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது. விழுந்தவனின் நெஞ்சில் ஏறி இருந்து வாயில் குத்தினேன். பல்லொன்று என் விரல் மொளியில் ஏறி நின்றது. அவன் இரத்தத்துக்குள்ளால் ஏதோ சொன்னான், நீ சொன்னாய், இரண்டு தரம் சொன்னாய் என்று. பொய் சொல்கிறான் என்று எனக்கு இன்னும் வெறி ஏறியது. பக்கத்தில் கிடந்த, படகுக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புத் தடியை எடுத்து அவன் தோளில் போட்டேன். தோள் எலும்பு முறிந்ததைக் கையில் உணர்ந்தேன். இரண்டாவது தரம் தலைக்கு ஓங்கினேன். கொல்லத்தான் ஓங்கினேன், அதை மறைக்க ஒன்றுமில்லை.

கீழேயிருந்து ஜோக்கிமின் குரல் வந்தது. “அத்தான், அவனை அடியாதேங்கோ. நீங்கள்தான் மொள்ள எண்டனீங்கள்.”

இரும்பு கையிலிருந்து விழுந்தது. அந்தத் தளத்தில் தமிழ் விளங்கினது எங்கள் இரண்டு பேருக்கும்தான்.

பொலிஸ் வந்து கேட்டபோது, நான் ஃபெர்மா என்றுதான் கத்தினேன், அவன் கேளாமல் விட்டுவிட்டான் என்று சொன்னேன். அடித்தது ஆத்திரத்தில் என்று சொன்னேன், வழக்கு வரும்வரை என்னை வெளியில் விட்டார்கள். அந்தக் காற்றில் வேறு ஒருவருக்கும் சரியாகக் கேட்டிருக்கவில்லை; நீனோ சொன்னதை, தப்புவதற்காகச் சொல்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். அகஸ்ரீனாவுக்கும் அதையே சொன்னேன். ஜோக்கிம் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொரு நாளும் அகஸ்ரீனா நீனோவைத் திட்டினாள். அவன் கை அழுகவேணும், அவன் சந்ததி விளங்காமல் போகவேணும் என்றாள். தன் தம்பிக்காக அவனை அடித்த என் கையைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு அந்தக் கையை வெட்டி எறியலாம் போல இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், வெட்கங்கெட்டவன்.

பதினோராம் நாள் மத்தியானம். நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள், புதியவள், சின்ன இத்தாலியப் பெட்டை. நான் ஜோக்கிமைத் தோளில் பிடித்து நிமிர்த்தினேன். அகஸ்ரீனா கட்டிலின் கால்மாட்டில் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றாள். நர்ஸ் வெட்டின காலை இரண்டு கையாலும் ஏந்தி உயர்த்தினாள். ஜோக்கிமுக்கு உயிர் போகிற நோ. கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லுக்குள்ளால் சொன்னான்.

“மொள்ள... மொள்ள...”

நர்ஸ் விட்டுவிட்டாள்.

கால் கட்டிலின் இரும்பு விளிம்பில் போய் அடித்தது. ஜோக்கிம் அலறின அலறலில் பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. கட்டுத் துணியில் இரத்தம் படர்ந்தது. நர்ஸ் அழத் தொடங்கினாள். இவர்தான் விடச் சொன்னார், இரண்டு தரம் சொன்னார் என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

அகஸ்ரீனா பத்து வருஷமாக சிஞ்ஞோராவோடு இத்தாலியனிலேயே சீவிக்கிறவள். அவளுக்கு ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கஞ்சிப் பாத்திரத்தை நிலத்தில் வைத்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

பொய் ஒன்றும் வரவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னேன்.

என் கை இன்னும் ஜோக்கிமின் தோளில் இருந்தது. அவள் கிட்ட வந்து அந்தக் கையைப் பார்த்து, இத்தாலியனில் சொன்னாள்.

“மொல்லா.”

இந்த முறை சரியாக விளங்கிக்கொண்டேன். கையை எடுத்தேன்.