பரவாயில்லை என்றொரு பதில்

சோபா உறை தைக்கும் அந்தப் பட்டறைக்குத் தன்மதிப்பை வளர்க்க ஒருவர் வந்திருந்தார். முதலாளி ஏதோ கூட்டத்தில் அவர் பேச்சைக் கேட்டுச் சொக்கிப்போய், சாப்பாட்டு நேரத்தில் பாதியை வெட்டி அவருக்குக் கொடுத்திருந்தார். தொழிலாளிகளின் தன்மதிப்பு வளரத்தான் வேண்டும். அதற்காக வேலை நேரத்திலா வளர்வது?

ரெக்சின் சுருள்களின் மேல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டை கட்டிய பயிற்சியாளர், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் தையல்காரியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வேலையைப் பத்தி நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. கூச்சமே படக்கூடாது!"

அக்கா யோசித்தாள். "பரவாயில்லைங்க."

"அதுதாம்மா வியாதி! அந்த வார்த்தையை இன்னையோட தலைமுழுகுங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. முந்தின நாள்தான் முதலாளி கேட்டிருந்தார்: "கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டு நின்னுக்கிறாராம். அவரு துணி வெட்டற மேஜையை நீ பாத்துக்கிறியாம்மா?" பல வருஷமாக அந்த மேஜை மீது அவளுக்கு ஒரு கண். சந்தோஷத்தில் சட்டென்று, "பரவாயில்லை சார்" என்றாள். முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். இன்று காலை வந்து பார்த்தால், மேஜைக்குப் பின்னால் சாக்குக்கட்டியும் கையுமாக மச்சான் நிற்கிறான்.

முதலாளி மனைவியின் தம்பி அவன். முதலாளிக்கு மச்சான் என்பதால் பட்டறைக்கே மச்சான். கல்யாணமாகாத பெண்கள் மட்டும் ஜாக்கிரதையாக சார் என்பார்கள்.

நாம் லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டாரா? அப்படியானால் ஏன் கேட்டார்? அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பேச்சு முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்து மெஷின்காரியிடம் சொன்னாள். அவள் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்க்கா, டீ வேணுமான்னு கேட்டா பரவாயில்லைன்னு சொல்றோமே, எதுக்கு?"

"வேணாம்னு சொல்ல."

"அதையேதான் அவர்கிட்டயும் சொல்லியிருக்கே!"

"நான் சிரமமில்ல, செய்யறேன்னுல்ல சொன்னேன்?"

"அது உன் வயித்துக்குள்ள இருந்துச்சு. அவருக்கு எப்படித் தெரியும்? போய்ப் பச்சையா கேளு."

கேட்கலாம்தான். தன்னால் முடியும் என்று தனக்கே தெரியாமல் எந்த முகத்தோடு கேட்பது?

அப்போது பயிற்சியாளர் குழாயடிக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் பேச்சு எப்படிம்மா இருந்துச்சு?"

தலைமுழுகிய வார்த்தைக்கு மாற்று தேடினாள், அகப்படவில்லை. "பரவாயில்லைங்க."

டை தொங்கிவிட்டது. "பரவாயில்லைன்னா... சுமாரா?"

"ஐயோ, நல்லாயிருந்துச்சுங்க."

"நெசமாவா? சும்மா சொல்லலையே?"

தன்மதிப்பை விற்கிறவரிடமே சரக்கு இருப்பு இல்லை. அக்காவின் குழப்பம் இரட்டிப்பானது. ஆனால் கால்கள் முதலாளி அறைக்கு நடந்துவிட்டன.

"நீதானேம்மா வேணாம்னே?" என்றார் முதலாளி.

"வேணும்னுதான் சார் பரவாயில்லைன்னேன்."

அவர் விழித்தார்.

"என் தையலைப் பாத்து நீங்களும் அப்படித்தானே சொல்வீங்க? அது நல்லாயிருக்குன்னா சார், இல்ல, போனாப் போகுதுன்னா?"

இத்தனை வருஷமும் எந்த அர்த்தத்தில் சொன்னோம் என்று முதலாளிக்கே விளங்கவில்லை போலும். "அது... ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா."

இவ்வளவுதானா? அதை நினைத்து எத்தனை ராத்திரி புரண்டு படுத்திருக்கிறாள்!

"எனக்கு அந்த மேஜை வேணும் சார். என்னால முடியும்."

யாரோ பக்கத்தில் நின்று பேசியது போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். கதவருகே மச்சான்தான் நின்றான். அவன் முகத்தில் விடுதலையான களை.

"குடுத்துடுங்க மாமா! சோபாவுக்கு நான் வெட்டினதெல்லாம் இடது கை உறையாவே வருது. வலது கைக்குத் துணியே இல்ல."

முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சரி, போய்ப் பாரும்மா."

தனக்குத் திறமை இருப்பதால் கிடைத்ததா, மச்சானுக்கு இல்லாததால் கிடைத்ததா, வாயைத் திறந்ததால் கிடைத்ததா? அக்காவுக்குப் பிடிபடவில்லை. யாரிடம் கேட்டாலும் இன்னொரு குழப்பம்தான் வரும். மேஜையருகே போய் மச்சான் சாக்குக்கட்டியால் போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள்.

"இது தப்பு தம்பி," என்று, வலது கை வரும்படி துணியைப் புரட்டிப் போட்டாள். "கத்தரியைக் குடு."