ஸ்பொன்சர் கிடைத்த துவக்கு

2023 ஒக்டோபர் பதினாறாம் திகதி, திங்கட்கிழமை, பகல் பதினொன்று இருபதுக்கு, லோறன்ஸ் ஒரு துவக்காக இங்கிலாந்துக்குள் போனார். டோவர் துறைமுகத்துப் பதிவேட்டில் இது இருக்கிறது: மான் வேட்டைத் துவக்கு ஒன்று, பிரான்சிலிருந்து, பத்து நாட்களுக்கு, உரிமையாளர் ஒலிவியே. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இதைக் கேள்விப்பட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. இந்தக் காலத்தில் துவக்குக்கு அவ்வளவு சுலபமாக அனுமதி கொடுக்கமாட்டார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மனிதன் துவக்கானதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

லோறன்ஸ் மன்னார்க்காரர். 2009 கடைசியில் பாரிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார். வெளிநாட்டவரைப் பதியும் அரசாங்கக் கந்தோரான பிரிபெக்சரில் அவருக்கு ஏழு ஐந்து என்று தொடங்கும் பத்து இலக்கக் கோப்பு எண் ஒன்றைக் கொடுத்தார்கள். விண்ணப்பம் தள்ளுபடியானது, மேன்முறையீடும் தள்ளுபடியானது, நாட்டை விட்டுப் போகச் சொல்லி மூன்று கடிதங்கள் வந்தன, எண் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. பிறகு, விசா இல்லாத பலரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். லெ பிளாங்-மெனிலில் முதுகுவலியோடு வீட்டில் இருந்த மகாலிங்கத்தின் விசா அட்டையைக் காட்டி, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒலிவியே நடத்தும் உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்தார். ஒலிவியே கெட்ட மனிதர் அல்ல. ஆட்களுக்கு முன்னால் அவரை மகாலிங்கம் என்றும் நிலவறையில் லோறன்ஸ் என்றும் கூப்பிடுவார். பதினான்கு வருடச் சம்பளத் துண்டுகளும் மகாலிங்கத்தின் பெயரில் வந்தன. வேலை செய்ததற்கு அத்தாட்சி காட்டினால் விசா கிடைக்கும் என்று ஒரு காலத்தில் கதை வந்தபோது, லோறன்சிடம் ஒரு பை நிறைய அத்தாட்சி இருந்தது. மகாலிங்கம் எவ்வளவு பாடுபட்டார் என்பதற்கான அத்தாட்சி அது.

மனைவி பேர்ளி 2012இல், ஆறு வயது மகள் சுஜானியோடு லண்டனுக்குப் போய் இறங்கினாள். புருசன் பிரான்சில் இருக்கிறார் என்றால் அங்கேயே போகச் சொல்வார்கள், செத்துவிட்டார் என்று சொல், என்று ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்திருந்தான். பேர்ளி அப்படியே சொன்னாள், சொல்லும்போது அழுதாள். அழுகை உண்மையாக இருந்தபடியால் விசா கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, செத்தவரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட எந்த நாட்டிலும் படிவம் கிடையாது என்று. ஆகவே பிரான்சுக் கடதாசிகளில் லோறன்ஸ் மகாலிங்கமாகவும் இங்கிலாந்துக் கடதாசிகளில் பிரேதமாகவும் இருந்தார். தினமும் போனில் கதைத்தார்கள். சுஜானி வளர வளர அவள் பேசும் தமிழ் குறைந்தது. கடைசியில் போனுக்குள் கையை மட்டும் காட்டிவிட்டுப் போனாள். அது லோறன்சுக்கு வலித்தது.

ஒலிவியே ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஸ்கொட்லாந்துக்கு மான் வேட்டைக்குப் போவார். திரும்பி வந்ததும் துவக்கைத் துடைத்து எண்ணெய் போடுவது லோறன்சின் வேலை. 2015இல் ஒரு நாள் குழலுக்கு அடியில் பொறித்திருந்த எண்ணை அவர் பார்த்தார். ஏழு ஐந்து என்று தொடங்கும் பத்து இலக்கம். பிரிபெக்சர் அவருக்குக் கொடுத்த அதே எண், ஓர் இலக்கம் பிசகவில்லை. அவர் ஆச்சரியப்படவில்லை. பிரிபெக்சருக்கு வேண்டாத எண் எங்கேயாவது போயிருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தார். அன்றிலிருந்து துவக்கைக் கொஞ்சம் கூடுதல் கவனமாகத் துடைத்தார். வில்லியே லே பெல்லில் அவரோடு ஒரே அறையில் இருந்த நாலு பேரும், அவர் சட்டையில் எப்போதும் துவக்கு எண்ணெய் மணக்கிறது என்று முறைப்பட்டார்கள்.

2023 செப்டெம்பரில் பேர்ளி போனெடுத்தாள். புற்றுநோய் ஈரலுக்கு வந்துவிட்டது.

"நத்தார் பாக்கமாட்டன் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ஒருக்கா வாங்கோவன்."

"ஓம், எப்பிடியும் வாறன்," என்றார் லோறன்ஸ். எப்படி என்று அவருக்குத் தெரியாது.

அதே கிழமை ஒலிவியேயின் துவக்குக்கு இங்கிலாந்துப் பொலிசின் அனுமதி வந்தது. துவக்குக்கு ஏற்கெனவே ஐரோப்பாவுக்குள் போய்வர ஒரு கடவுச்சீட்டு இருந்தது. இங்கிலாந்து பிரிந்துபோன பிறகு அது மட்டும் போதாது, அங்கே வசிக்கும் ஒருவர் ஸ்பொன்சராக நின்று பத்திரம் எடுக்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் காட்டுக்காணி வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: இவரை எனக்கு நெடுநாளாகத் தெரியும், துவக்கைப் பத்திரமாக வைத்திருப்பேன், நாள் முடிந்ததும் திரும்பிப் போகும். லோறன்ஸ் அந்தக் கடிதத்தை ஒலிவியேயிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பேர்ளி அவருக்காக எழுதியிருக்க வேண்டிய கடிதம் அதுதான். கேட்டு முடித்து, நிலவறையில் வெங்காய மூட்டைமேல் இருந்து அழுதார். ஒலிவியே பக்கத்தில் நின்றுகொண்டு பெட்டியைப் பார்த்தார், லோறன்சைப் பார்த்தார், திரும்பவும் பெட்டியைப் பார்த்தார்.

பெட்டி ஒரு மீற்றர் இருபது. லோறன்ஸ் ஒரு மீற்றர் அறுபத்தெட்டு. துவக்கை எடுத்து அலுமாரியில் பூட்டிவிட்டு லோறன்ஸ் பெட்டிக்குள் படுத்தபோது, கால்மாட்டில் இடம் மிஞ்சியது.

கலேயில் பிரெஞ்சுச் சுங்கக்காரர்கள் கடதாசிகளை மட்டும் பார்த்தார்கள். நாய் ஒருதரம் மணந்துவிட்டு விலகியது. டோவரில் பெட்டியைத் திறந்தார்கள். நரைத்த தாடிவைத்த ஓர் அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு லோறன்சை இரண்டு கைகளாலும் தூக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்து, இடது தோளுக்குக் கீழே இருந்த எண்ணைப் பத்திரத்தோடு ஒத்துப்பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பதினான்கு வருடத்தில் ஓர் அதிகாரி லோறன்சைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோசப்பட வேண்டிய இடம், ஆனால் அவருக்கு நெஞ்சு விட்டுப்போனது. நறுக்கென்று ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒலிவியே ஸ்கொட்லாந்துக்குப் போகும் வழியை வளைத்து, லண்டனில் ஹரோவில் பேர்ளியின் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த சுஜானிக்குப் பதினேழு வயது. பெட்டியை முன்னறையில் வைத்துத் திறந்தபோது அவள் கண்டது ஒரு துவக்கைத்தான். பொலிசைக் கூப்பிடப்போவதாக ஆங்கிலத்தில் சொன்னாள். கட்டிலில் கிடந்த பேர்ளி, "சும்மா இரு பிள்ளை, அப்பா வாறனெண்டவர்," என்றாள். கையை நீட்டித் தடவிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு மெலிஞ்சு போனீங்களே. உடம்பெல்லாம் ஐஸாக் கிடக்கு."

தன் போர்வையில் பாதியை இழுத்து அவர்மேல் போட்டாள். லோறன்ஸ் பதினான்கு வருடக் கதையையும் சேர்த்து வைத்திருந்தார். வாயைத் திறந்தார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம்தான் வந்தது. சுஜானி சுவரோடு ஒதுங்கினாள்.

"பயப்பிடாதை. அவர் கதைக்கப் பாக்கிறார். நீங்கள் கதைக்கவேண்டாம், நான் சொல்லுறன், கேளுங்கோ."

பேர்ளி ஒரு மணித்தியாலம் கதைத்தாள். பிள்ளையின் படிப்பு, கூரை ஒழுக்கு, தேவாலயத்தில் யார் யாரோடு கோபம், தன்னை விதவை என்று எழுதிக்கொடுத்த நாளில் கையெழுத்து எப்படிக் கோணியது என்று எல்லாம். லோறன்சின் கண்ணிருந்த இடத்தில் எண்ணெய் கசிந்து போர்வையில் பட்டது. பத்திரத்தில் ஸ்கொட்லாந்து என்று இருந்தபடியால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஒலிவியே பெட்டியை மூடப்போனபோது சுஜானி ஓடிவந்து மூடியைப் பிடித்தாள். "இறுக்கி மூடாதேங்கோ, அப்பாவுக்கு மூச்சு முட்டும்," என்றாள். ஒலிவியேக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விளங்கியது. ஒரு கொளுக்கியை மட்டும் போட்டார்.

அந்த வருடம் ஒலிவியே ஒரு மானும் சுடவில்லை. மலைச்சரிவில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் இருந்துவிட்டு வந்தார். இருபத்துநாலாம் திகதி பேர்ளி இறந்தாள். மறுநாள் அவர்கள் ஹரோவுக்கு வந்தபோது வீடு சனத்தால் நிறைந்திருந்தது. பெட்டியை வாசலில் சப்பாத்துகளுக்கு நடுவில் வைக்கத்தான் இடம் கிடைத்தது. அடக்கம் நவம்பர் மூன்றாம் திகதி. துவக்கின் அனுமதியோ ஒக்டோபர் இருபத்தாறோடு சரி. பாரிசில் பெட்டியைத் திறந்தபோது லோறன்ஸ் எழுந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டு, குவிந்துகிடந்த கோப்பைகளைக் கழுவப் போனார்.

மரண அறிவித்தலைப் பேர்ளியின் தம்பி றொனால்ட் எழுதினார். லண்டன் கோப்பில் உள்ளபடியே, காலஞ்சென்ற லோறன்சின் அன்பு மனைவி என்று எழுதினார். சுஜானி முதல் சொல்லை வெட்டினாள்.

"கோப்பைக் கிளறினாங்களெண்டால் உன்ரை விசாவும் போயிடும்," என்றார் றொனால்ட்.

"போனாப் போகட்டும் மாமா. அவர் இருக்கிறார். நான் கண்டனான்."

லாச்சப்பலில் மரக்கறிக்கடைக் கண்ணாடியில் அந்த அறிவித்தலை ஒட்டினார்கள். லோறன்ஸ் வேலைக்குப் போகும் வழியில் அதை வாசித்தார். வெறுமனே லோறன்ஸ் என்று தன் பெயரை அவர் அச்சில் பார்த்துப் பல காலம். கடைக்காரர், இது ஆர் லோறன்ஸ், இஞ்சத்தை ஆளோ, என்று கேட்டார். "ஓம் அண்ணை, நான்தான்," என்றார் லோறன்ஸ். கடைக்காரர் பதினான்கு வருடமாக அவரை மகாலிங்கம் என்றுதான் அறிந்திருந்தார். எட்டி அவருடைய கையைப் பிடித்தார்.

அடுத்த ஓகஸ்டில் சுஜானிக்குப் பதினெட்டு வயதானது. செப்டெம்பரில் ஒலிவியேயின் துவக்குக்குப் புதுப் பத்திரம் வந்தது. ஸ்பொன்சர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது. வருகையின் நோக்கம் என்ற இடத்தில், அம்மாவின் ஆண்டுப் பூசை என்று எழுதியிருந்தாள். அதையும் ஏற்றுப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். லோறன்ஸ் ஜக்கற்றை மடித்து, மகாலிங்கத்தின் விசா அட்டையோடு அலுமாரியில் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் படுத்தார். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சியது.